பாட்டுக்குப் பட்ட கடன்

எமது கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்ப்பவர்கள் அதன் ஒரு பக்கத்திலே பச்சை நிறத்தில் மூவிலை ஒன்று பதிந்திருக்கக் காண்பர். "இஃது எந்த நாட்டு முத்திரை, சேர்?" என்று மாணவர் ஒருவர் ஒருநாள் வினவினார். "மொன்செராட்" என்றோம். வகுப்பிலிருந்த தலைகள் யாவும் சுவரிலே தொங்கிய உலகப் படத்தை நோக்கித் திரும்பின. ஒருவராலும் அதனைக் கண்டுபிடிக்க இயலவில்லை. பிள்ளைகள்மீது குற்றமில்லை. அந்தப் படத்தை அச்சிட்டவர் அத்தீவின் பெயரை எழுத இடமின்றிப் புள்ளி மாத்திரம் இட்டு விட்டிருந்தார். அப்புள்ளிக்கு நாம் போய்வந்த வரலாற்றைச் சொல்லத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. மாணவர்க்குச் சொல்ல எண்ணியதை அவர்தம் பெற்றோரும் கேட்கட்டுமென்று இங்கே எழுதுகின்றோம்.

"எரிமலையைப் பார்க்கவா போனீர்கள்?" என்று கேட்டவர்கள் பலர். மொன்செராட் என்றால் எரிமலை என்பதே இன்று உலகம் அறிந்த செய்தி. நாம் தேடிச் சென்றதோ ஒரு மனிதரின் சிரிப்பு. அக்கதையை எமது இளமையிலிருந்தே தொடங்கவேண்டும்.

1990ஆம் ஆண்டு தொடக்கம் பல வருடங்கள் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இருக்கவில்லை. பற்றரியும் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. எனினும் பாட்டுக் கேட்கும் ஆசை மின்சாரத்தைக் கேட்டுக்கொண்டா வருகின்றது? எம் அண்ணர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவிலிருந்து கம்பி இழுத்து ஒலிநாடாப் பெட்டிக்குக் கொடுப்பார். மிதியைக் கையாற் சுழற்றுவது இளையவராகிய எமது பணி. கை தளர்ந்தால் பாட்டும் இழுபட்டு எருமைக் குரலாகும். உடனே அண்ணரின் அதட்டல் எழும்.

இலண்டனிலிருந்து மாமா முன்னர் அனுப்பியிருந்த ஒலிநாடாக்களுள் ஒன்று, போல் மக்கார்ட்னி என்னும் ஆங்கிலப் பாடகர் 1982இல் வெளியிட்ட 'டக் ஒவ் வோர்' என்பது. அதிலே 'கெட் இற்' என்றொரு சிறு பாட்டு உண்டு. இருவர் மாறி மாறிப் பாடுவர். ஒரு குரல் மக்கார்ட்னியுடையது. மற்றையது சற்றே கரகரத்த, கிராமத்து மண்மணம் வீசும் குரல். பாட்டு முடிந்த பின்னும் அந்த மனிதர் சிரிப்பது கேட்கும். நல்ல உணவுண்டு திண்ணையிலே சாய்ந்திருக்கும் ஒருவர், பக்கத்திலிருப்பவர் சொன்ன பகிடிக்கு வயிறு குலுங்கச் சிரிப்பதுபோன்ற சிரிப்பு. அந்த இடம் வரும்போது அண்ணர், "இப்போது கவனமாகச் சுழற்று" என்பார். அச்சிரிப்பு எருமைக் குரலாகிவிடக் கூடாது அன்றோ!

சிரித்தவர் யார் என்பதை ஒலிநாடாவின் உறையிலிருந்த பொடி எழுத்தில் அறிந்தோம்: கார்ல் பேர்கின்ஸ். அவரை ஒரு முதியவர் என்றே அக்காலத்தில் எண்ணியிருந்தோம். அன்று அவருக்கு வயது 48 மாத்திரமே என்பதைப் பின்னர்க் கணக்கிட்டு அறிந்தபோது, நாமும் அந்த வயதை எட்டிக்கொண்டிருந்தோம்.

பேர்கின்ஸ் 1932ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலே, மிசிசிப்பி ஆற்றை அண்டிய பருத்திச் சீமையிற் பிறந்தவர். தந்தையார் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுத ஏழைக் குடியானவர். பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டதும் பருத்தி பறிக்கப் போவர். அவ்வயலிலே உடனுழைத்த முதிய கறுப்பினத்தவர் ஒருவரிடம் சிறுவன் கார்ல் கிற்றார் வாசிக்கக் கற்றான். வீட்டு வானொலியிலே கேட்டது வெள்ளையரின் மலைநாட்டுப் பாட்டு. வயலிலே கேட்டது கறுப்பரின் துயரப் பாட்டு. இரண்டும் அவன் விரல்களிற் சந்தித்தன. இவ்வாறு அமெரிக்காவின் தென் மாநிலங்களின் இளைஞர் பலர் விரல்களிலே பிறந்த இசைக்கே 'ரொக்கபிலி' என்று பெயர். அதற்குப் பெரிய பரிவாரம் வேண்டியதில்லை. கிற்றார் ஒன்றிரண்டு, ஆளுயர வயலின்போன்ற பேஸ் வாத்தியம் ஒன்று, சிலவேளை ஒரு முரசு. பேஸின் நரம்பை இழுத்து விரற்பலகையிலே அறைந்து தாளம் எழுப்புவர். பாடுபவர் குரலோடு அதன் எதிரொலி ஒன்று ஒட்டிக்கொண்டே வருமாறு ஒலிப்பதிவு செய்வர்.

1955 டிசெம்பரிலே மெம்பிஸ் நகரத்து 'சன்' ஒலிப்பதிவுக்கூடத்தில் பேர்கின்ஸ் தாமே இயற்றிய 'புளூ சுவேட் ஷூஸ்' என்னும் பாட்டைப் பதிவுசெய்தார். அடுத்த ஆண்டு அது பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. வறுமை தீர்ந்ததென்று எண்ணிய வேளையிலே, 1956 மார்ச் மாதத்தில், தொலைக்காட்சியிற் பாடுவதற்காக நியூயோர்க் நோக்கிச் சென்ற வழியில் அவர் சென்ற கார் விபத்துக்குள்ளாயிற்று. அவரும் உடன் வாசித்த அண்ணன் ஜேயும் படுகாயமுற்றனர். அவர் தேறி எழுமுன்னரே எல்விஸ் பிரெஸ்லி அதே பாட்டைப் பாடி நாடெங்கும் பரப்பிவிட்டார். முதலிற் பாடியவர் பின்வரிசைக்குப் போனார்.

ஆனால் கடலுக்கப்பால், இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரத்தில், சில பையன்கள் அவருடைய இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டுப் பாடம்பண்ணிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவரான ஜோர்ஜ் ஹரிசன் 1960இல் மேடைக்கென்று 'கார்ல்' என்ற பெயரையே சிலகாலம் சூடிக்கொண்டார். அப்பையன்களே பின்னர் 'பீற்றில்ஸ்' என்று உலகை ஆண்டவர்கள். 1964இல் அவர்கள் பேர்கின்ஸின் பாட்டு ஒன்றைப் பதிவுசெய்தபோது, அவரும் அக்கூடத்திலே இருந்து கேட்டார். தாம் மறக்கப்பட்டோம் என்றிருந்த ஒருவருக்குக் கடல் கடந்த பிள்ளைகள் செய்த மரியாதை அது.

இனித் தீவுக்கு வருவோம். பாடசாலை விடுமுறையொன்றிலே ரொறன்ரோவிலுள்ள அண்ணர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அங்கிருந்து கரிபியன் கடல் கிட்டத்தான் என்று அவரே வழி சொல்லிச் செலவையும் ஏற்றுக்கொண்டார். தமக்கு விடுப்புக் கிடையாமையால் உடன்வர அவரால் முடியவில்லை. பெரிய விமானம் அன்ரிகுவாத் தீவிலே இறக்கிவிட்டது. அங்கிருந்து ஒரு சிட்டுக்குருவி போன்ற சிறு விமானம். ஏறியிருந்து இடுப்புப் பட்டியைச் சரிசெய்து நிமிர்வதற்குள், இருபது நிமிடங்களில், மொன்செராட் வந்துவிட்டது.

நீளம் 16 கிலோமீற்றர், அகலம் 11 கிலோமீற்றர், பரப்பு 102 சதுரக் கிலோமீற்றர். எம் நெடுந்தீவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு என்று கொள்ளலாம். ஆனால் நெடுந்தீவு தட்டை. இதுவோ கடலிலிருந்து நேரே எழுந்த மலை. 1493இலே இதனைக் கடலிலிருந்து கண்ட கொலம்பசு, ஸ்பெயின் தேசத்து மலைமேலுள்ள ஒரு மடாலயத்தின் பெயரை இதற்கு இட்டார். பின்னர் பதினேழாம் நூற்றாண்டில் அயர்லாந்து மக்கள் பலர் இங்கே குடியேறினர். கடவுச்சீட்டிலே விழும் மூவிலை அவர்தம் நாட்டுச் சின்னம். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே இன்றைய மக்களுட் பெரும்பாலோர். அயர்லாந்து மக்களின் திருநாளாகிய மார்ச் 17ஆம் நாள் இங்கும் பொது விடுமுறை. ஆனால் 1768இல் அதே நாளிலே அடிமைகள் எழுச்சிகொள்ள முயன்று தோற்ற நினைவும் அதனோடு சேர்ந்திருக்கின்றது. தீவு இன்றும் பிரித்தானியாவின் ஆட்சிக்குட்பட்டது.

எம்மை ஏற்றிச் சென்ற வான் சாரதி அறுபது வயதை எட்டிய ஒரு பெரியவர். நாமும் ஒரு தீவிலிருந்து வருகின்றோம் என்றதும் அவருக்குப் பேச்சு இலகுவாயிற்று. வழியில் ஓர் ஓடையருகே வண்டியை நிறுத்தினார். 'ரன்எவே' ஓடை என்று அதற்குப் பெயர். வீதியோரத்துக் குழாயிலிருந்து அந்நீரைப் பருகியவர்கள் மீண்டும் மீண்டும் இத்தீவுக்கு வருவர் என்பது ஐதிகம். நாமும் இரு கை ஏந்திப் பருகினோம். எம் ஊர்க் கிணற்று நீரினும் குளிர்ச்சி, உப்பு இல்லை.

மதிய உணவுக்கு அவர் ஒரு சிறு கடைக்கு அழைத்துச் சென்றார். 'கோட் வாட்டர்' எனப்படும் ஆட்டிறைச்சிச் சாறே இத்தீவின் சிறப்புணவு. நாம் மரக்கறி உண்பவர் என்றதும் கடைக்கார அம்மையார் சிறிதும் சலியாது, அவித்த ஈரப்பலாவும் பாணும் கொண்டுவந்து வைத்தார். பத்தாயிரம் மைலுக்கப்பால் ஈரப்பலாவைக் கண்ட மகிழ்ச்சியை எழுதிக்காட்ட முடியாது.

உண்டுகொண்டிருக்கையில், "இங்கே பருத்தி விளைந்ததாமே?" என்று கேட்டோம். "ஏன் இல்லை? எங்கள் பாட்டிமார் முதுகு வளைந்தது பருத்தி பறித்துத்தானே" என்றார் பெரியவர். கரும்பும், பின்னர் எலுமிச்சையும், அதன் பின்னர் நீண்ட இழைப் பருத்தியும் இத்தீவின் வரலாறு. பருத்திக் காட்டிலே வளர்ந்த பேர்கின்ஸ் இத்தீவில் வந்திறங்கியபோது இங்குள்ள முதியோரின் கைகளை நோக்கியிருப்பாராயின், தம் தாயாரின் கைகளை அங்கே கண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம்.

அவர் இங்கு வந்தது எதற்காக? அதற்குக் காரணர் ஜோர்ஜ் மார்ட்டின். பீற்றில்ஸின் இசைத்தட்டுகளைத் தயாரித்தளித்த ஆங்கிலேயரான அவர், நகரத்து இரைச்சலும் தொலைபேசி மணியும் இல்லாத ஓரிடத்திலே பாடகர்கள் தங்கியிருந்து பதிவுசெய்ய வேண்டுமென விரும்பி, 1979இல் இத்தீவின் மேற்குப்புறத்துக் குன்றொன்றில் 'எயார்' ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்தார். உலகப் புகழ்பெற்ற இசைவாணர் பலர் இங்கே வந்து தங்கிப் பாடினர். ஜிம்மி பபற் என்ற அமெரிக்கர் அந்த முதலாண்டிலேயே இங்கு பதிவுசெய்த தொகுதிக்கு, தெற்கே தெரிந்த மலையை எண்ணி 'எரிமலை' என்றே பெயரிட்டார். அம்மலை அன்று உறங்கிக் கிடந்தது. பெயரிட்டவருக்கும் அது விளையாட்டாகவே இருந்தது.

1980 டிசெம்பர் 8ஆம் நாள், மக்கார்ட்னியின் இளமைத் தோழரான ஜோன் லெனன் நியூயோர்க்கிலே சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பின் இரண்டு மாதங்கள் கழிந்து, 1981 பெப்ரவரியில், மக்கார்ட்னி இத்தீவுக்குப் பாட வந்தார். தம் இளமையின் ஆசானாகிய பேர்கின்ஸையும் அழைத்தார். பேர்கின்ஸ் கிற்றாரை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அந்நாட்களிற் பிறந்ததே நாம் சைக்கிள் சுழற்றிக் கேட்ட 'கெட் இற்'.

இன்னொரு பாட்டும் பிறந்தது. புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, தமக்குக் கிடைத்த உபசாரத்துக்கு எவ்வாறு நன்றி சொல்வதென்று எண்ணிய பேர்கின்ஸ், 'என் பழைய நண்பன்' என்று பொருள்படும் ஒரு பாட்டை இயற்றினார். மறுநாள் அதனை மக்கார்ட்னிக்குப் பாடிக்காட்டினார். இடையிடையே தம்மை நினைத்துக்கொள்ளுமாறு நண்பனிடம் கேட்கும் ஓர் அடியைக் கேட்டதும் மக்கார்ட்னி கண்கலங்கி எழுந்து வெளியே சென்றுவிட்டார். தாம் பிழை ஏதும் செய்துவிட்டோமோ என்று பேர்கின்ஸ் திகைத்தார். மக்கார்ட்னியின் மனைவியார் லிண்டா அவரைத் தேற்றி, லெனன் கடைசியாகத் தம் கணவரிடம் சொன்ன வார்த்தைகளும் ஏறக்குறைய இவையே என்று கூறினாராம். பேர்கின்ஸே பின்னாளில் இதனைச் சொல்லியிருக்கின்றார். இருவரும் அப்பாட்டை அத்தீவிலேயே பதிவுசெய்தனர்.

அது பெட்டியிலே பல ஆண்டுகள் கிடந்தது. 1996இலே பேர்கின்ஸ் 'கோ கற் கோ!' என்ற இசைத்தொகுதியை வெளியிட்டபோது அதனை அதிற் சேர்த்தார். அத்தொகுதியிலே அமெரிக்கக் குரல்களாக ஜொனி காஷ், வில்லி நெல்சன் முதலானோரும், ஆங்கிலக் குரல்களாக மக்கார்ட்னி, ஹரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகியோரும் அவரோடு சேர்ந்து பாடினர். 1956இல் ஒரு நாட்டிலிருந்து புறப்பட்ட ரொக்கபிலி, கடல் தாண்டிச் சென்று நாற்பது ஆண்டுகளின் பின் வீடு திரும்பியதை அத்தொகுதியிற் கேட்கலாம். அது வெளிவந்தபோது, 'பழைய நண்பன்' பாட்டுப் பிறந்த கூடமோ பாழடைந்து கிடந்தது.

அக்கூடத்தைக் காணவே நாம் சென்றோம். உள்ளே செல்ல அனுமதி இல்லை, தனியார் நிலம். பாதையோரத்திலே வண்டியை நிறுத்திப் பெரியவர் கையாற் காட்டினார். மரமும் கொடியும் மூடிய மேட்டுக்குள் கூரையின் ஒரு மூலை தெரிந்ததுபோலிருந்தது. அவ்வளவே. 1989 செப்டெம்பர் 17ஆம் நாள் 'ஹியூகோ' என்னும் சூறாவளி இத்தீவின் வீடுகளுட் பெரும்பாலானவற்றைச் சிதைத்தது. அதன்பின் கூடம் மீளத் திறக்கப்படவேயில்லை.

கைத்தொலைபேசியை எடுத்து 'கெட் இற்' பாட்டை ஒலிக்கவிட்டோம். முப்பது வருடங்களுக்கு முன் இழுபட்டு ஒலித்த பாட்டு, இப்போது யாரும் சுழற்றாமலே தெளிவாகக் கேட்டது. இறுதியில் அச்சிரிப்பு. பெரியவர் கூர்ந்து கேட்டார். "இந்த மனிதர் ஏன் இப்படிச் சிரிக்கிறார்?" என்றார். தெரியவில்லை என்றோம். "இத்தீவிலே நன்றாகச் சாப்பிட்டிருப்பார்" என்று சொல்லித் தாமும் சிரித்தார்.

பேர்கின்ஸின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. அவரை மாத்திரமன்று, அங்கே பாடிய பெருந்தலைகள் பலரையும் அவர் பொருட்படுத்தவில்லை. "அவர்கள் வருவார்கள், போவார்கள், நல்ல மனிதர்கள். எங்கள் பாட்டுக்காரர் அரோதான்" என்றார். 'அரோ' என்று பெயர்கொண்ட அல்போன்சஸ் கசெல் இத்தீவின் மைந்தர். 1982இல் அவர் பாடிய 'ஹொட் ஹொட் ஹொட்' உலகெங்கும் கூத்தாடவைத்தது. விருந்தினர் பாட்டைத் தேடி வந்த எமக்கு, வீட்டுக்காரர் பாட்டும் உண்டென்பதைப் பெரியவர் நினைவூட்டினார். அதுவும் தக்கதே.

அடுத்து அவர் எம்மைக் கரிபால்டிக் குன்றின் உச்சிக்கு அழைத்துச் சென்றார். வழியிலே பெலம் பள்ளத்தாக்கைக் கடந்தோம். ஒருகாலத்தில் அங்கே பச்சைப் புற்றரையும் பாலமும் இருந்தனவாம். இன்று பாலத்துக்கு மேலாகச் சேறும் சாம்பரும் நிறைந்து, அதன்மேல் வண்டி ஓடுகின்றது. குன்றின் உச்சியிலிருந்து தெற்கே நோக்கினோம். மலை, அதன் முடியிலே நீராவி, காற்றோடு வந்த கந்தக நெடி. மலையடியிலிருந்து கடல்வரை ஒரே சாம்பல் நிறம். அதனுள் ஆங்காங்கே சில கூரைகளும் மேல்மாடிச் சுவர்களும். அதுவே பிளிமத், தலைநகரம்.

1995 ஜூலை 18ஆம் நாள், நூற்றாண்டுகளாக உறங்கிய மலை கண்விழித்தது. ஆகஸ்டிலே தலைநகர மக்கள் முதன்முறை வெளியேற்றப்பட்டனர். திரும்பிவருவதும் மீண்டும் போவதுமாகச் சிலகாலம் கழிந்தது. 1996 ஏப்பிரலில் இறுதியாக நகரத்தை விட்டுப் போயினர். 1997 ஜூன் 25ஆம் நாள், தீயும் சாம்பரும் நச்சுக் காற்றும் ஒன்றாகத் திரண்டு மலைச்சரிவிலே பாய்ந்தபோது 19 பேர் மாண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டிலே பிளிமத் எரிந்து புதையுண்டது. ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்த தீவிலே மூன்றில் இரண்டு பங்கினர் கடல் கடந்து போய்விட்டனர். இன்று உள்ளவர்கள் 5,000க்கும் குறைவு. தீவின் தென்பாதியும் அதற்கு மேலும் மக்கள் வாழத் தடைசெய்யப்பட்ட பிரதேசம்.

"உங்கள் வீடு எங்கே?" என்று கேட்டோம். பெரியவர் விரலை நீட்டினார். "அந்த இரண்டு கூரைக்கும் இடையில். கூரை தெரியாது. ஓரிரு நாளில் திரும்பலாம் என்றுதான் புறப்பட்டோம், நாய்க்குச் சோறு வைத்துவிட்டு வந்தேன்" என்றார்.

நாம் பேசவில்லை. அதே 1995ஆம் ஆண்டு ஒற்றோபர் இறுதியில், மழையிலே, நிறைந்த வீதியிலே, அண்ணர் உருட்டிச் சென்ற அதே சைக்கிளின் பின்னே நாம் நடந்த இரவு நினைவுக்கு வந்தது. ஓரிரு நாளில் திரும்பலாம் என்று புறப்படுவது எத்தகையதென்பதை இதனைப் படிப்போர் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த ஒலிநாடா வீட்டிலேயே நின்றுவிட்டது. எமக்கு வீடு மீண்டது, நாடா மீளவில்லை. பெரியவருக்கு இரண்டும் இல்லை.

இங்கேதான் கதையின் மறுபாதி தொடங்குகின்றது. 1997 செப்டெம்பர் 15ஆம் நாள், பிளிமத் புதையுண்டு சில வாரங்களே ஆகியிருந்த வேளையில், ஜோர்ஜ் மார்ட்டின் இலண்டனிலுள்ள றோயல் அல்பேர்ட் மண்டபத்திலே ஒரு நிதியுதவிக் கச்சேரியைக் கூட்டினார். மக்கார்ட்னி, எல்ற்றன் ஜோன், ஸ்ரிங், எரிக் கிளாப்ரன், மார்க் நொப்ஃளர், பில் கொலின்ஸ் முதலானோர் வந்து பாடினர். தீவின் மைந்தர் அரோவும் பாடினார். அவர்களிடையே, 65 வயதிலே, தொண்டைப் புற்றுநோயோடு முன்னர்ப் போராடி மீண்ட ஒருவர் கிற்றாருடன் மேடையேறி 'புளூ சுவேட் ஷூஸ்' பாடினார். அவர் கார்ல் பேர்கின்ஸ்.

ஒருமுறை தங்கி உண்ட தீவு. அங்கே அவர் கழித்தவை சில நாட்கள். அதற்காகக் கடல் கடந்து வந்தார். அதுவே அவர் பாடிய கடைசிப் பெருமேடையாயிற்று. நான்கு மாதங்களில், 1998 ஜனவரி 19ஆம் நாள், டென்னசியிலே அவர் காலமானார். ஒருகாலத்திலே அவர் பெயரைத் தன் பெயராகச் சூடிய ஜோர்ஜ் ஹரிசன் இறுதிச் சடங்குக்கு வந்து அவர் பாட்டொன்றைப் பாடி வழியனுப்பினார்.

செஞ்சோற்றுக்கடன் என்று எம்முன்னோர் சொன்னதைப் போர்க்களத்தோடும் கர்ணனோடும் சேர்த்தே வகுப்பிற் படிப்பிக்கின்றோம். உயிர் கொடுத்துத் தீர்ப்பதே அக்கடன் என்று மாணவர் எண்ணிவிடுகின்றனர். ஒரு தட்டு ஆட்டிறைச்சிச் சாற்றுக்கு ஒரு பாட்டுப் பாடியும் அதனைத் தீர்க்க முயலலாம். வள்ளுவர் செய்ந்நன்றிக்குத் தனி அதிகாரம் வகுத்தது அரசர்க்கு மாத்திரமன்றிப் பருத்தி பறிப்போர்க்குமாகத்தானே.

அக்கச்சேரியாற் சேர்ந்த பணம் வீண்போகவில்லை. தீவின் வடமுனையிலே, எரிமலை எட்டாத லிற்றில் பே என்னும் குடாவருகே, ஒரு கலாசார மண்டபம் எழுந்தது; 2007இல் திறக்கப்பட்டது. புறப்படுமுன் அங்கேயும் சென்றோம். மண்டபத்துச் சுவரிலே இசைவாணர் சிலரின் கைத்தடங்கள் வெண்கலத்தில் வார்க்கப்பட்டிருக்கின்றன. ஜோர்ஜ் மார்ட்டின் 2016இல் மறைந்தார், மண்டபம் நிற்கின்றது. நாம் சென்ற பிற்பகலிலே உள்ளே பாடசாலைப் பிள்ளைகள் ஒரு நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்கள் யாவரும் பிளிமத்தைக் கண்டறியாதவர்கள். ஒரு சிறுமி வசனத்தை மறந்து விழிக்க, மற்றவர்கள் கொல்லென்று சிரித்தனர். பெரியவர் வாசலிலே நின்று, "என் பேத்தியும் அதற்குள் இருக்கிறாள்" என்றார். எவள் என்று அவர் காட்டவில்லை, நாமும் கேட்கவில்லை.

விமான நிலையத்திலே விடைபெறும்போது கூலியை எண்ணிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர், "அந்தச் சிரிக்கிற மனிதரின் பாட்டை இன்னொரு முறை போடுங்கள்" என்றார். போட்டோம். முழுவதும் கேட்டுவிட்டுக் கைகொடுத்துப் போனார்.

ரொறன்ரோவுக்குத் திரும்பி அண்ணரிடம் யாவும் சொன்னோம். சைக்கிள் மிதியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. "சிரிப்பு அங்கேயும் நன்றாகக் கேட்டதா?" என்று மாத்திரம் கேட்டார்.

மறுநாள் வகுப்பிலே மாணவர்க்கு இக்கதையிற் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. பாடம் முடிந்தபின் ஒரு பையன் கதிரையிலேறி, உலகப் படத்திலே அப்புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்தான். பெயரில்லாத அதனருகே பென்சிலால் 'மொன்செராட்' என்று எழுதலாமா என்று அனுமதி கேட்டான். பாடசாலை உடைமையிலே எழுதலாகாதென்பது விதி. எழுதச் சொன்னோம்.